பிடுங்கியது ஒன்று, விட்டது ஒன்று

காலை ஆறு மணிக்குத்தான் கேட்டைத் திறப்பார்கள். நாங்கள் ஐந்தரைக்கே போய் வரிசையில் நின்றுவிட்டோம். குண்டலுப்பேட்டையைத் தாண்டி பந்திப்பூர்க் காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது மேல்காமனஹள்ளி சோதனைச் சாவடி. எங்களுக்கு முன்னால் இரண்டு காய்கறி லாரிகள், ஒரு கல்யாண வேன், ஊட்டிக்குச் சுற்றுலா போகும் பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று. இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை இந்தக் காட்டுச் சாலையில் வண்டி ஓடக்கூடாது என்ற தடை 2009-இல் வந்தது. அதனால் விடியற்காலையில் இங்கே டீக்கு நல்ல வியாபாரம். தை மாதக் குளிரில் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

உடன் வந்த நண்பர் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மைசூரில் ஒரு கல்யாணம் முடித்து ஊர் திரும்பும்போது, நேரே சத்தியமங்கலம் வழியாக இறங்காமல் மசினகுடி, ஊட்டி, அவலாஞ்சி என்று சுற்றிப் போகலாம் என்றது அவர்தான். பந்திப்பூர் என்றதும் நான் பைனாகுலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

“யானை வருமா, புலி வருமான்னு எல்லாரும் தூரத்தையே பார்த்துட்டு வருவாங்க. அடிதடி நடக்கிறது ரோட்டோரத்துல. பைனாகுலரை உள்ள வெச்சிட்டு ஜன்னல் பக்கம் உட்காருங்க.”

கேட் திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது. வெளியே கைகாட்டினார். சாலையின் இருபுறமும் சில அடி தூரத்துக்குச் செதுக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள், விலங்கு குறுக்கே வந்தால் ஓட்டுநர் கண்ணில் படவேண்டும் என்று. செதுக்கிய இடம் முடிகிற கோட்டில் ஒரு பச்சைச் சுவர் எழும்பியது. பெரும்பாலும் ஆள் உயரம். மரம் கிடைத்த இடத்தில் அதைப் பற்றிக்கொண்டு இன்னும் மேலே. பின்னால் ஒரு யானைக் கூட்டமே நின்றாலும் தெரியாது. கிலோமீட்டர் கிலோமீட்டராக அந்தச் சுவர் எங்களோடு வந்தது.

உண்ணிச்செடி. எங்கள் ஊரில் வேலியோரம் நிற்கும் செடிதான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் கறுப்புப் பழத்தைப் பறித்துத் தின்று நாக்கை நீட்டிக் காட்டுவோம். ஊரில் அது வேலி. இங்கே காடு.

காட்டுக்குள் வண்டியை நிறுத்தக்கூடாது. தமிழ்நாட்டு எல்லையிலுள்ள கக்கநல்லா சாவடியில் நீலகிரிக்கான இ-பாஸைக் காட்டி, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் திறந்து காட்டி, முதுமலைக் காட்டின் தெப்பக்காட்டில் மாயாற்றுப் பாலத்தைக் கடந்து, மசினகுடி போய்ச் சேர்ந்த பிறகுதான் செடியைக் கிட்டத்தில் பார்த்தோம். ஊருக்கு வெளியே ஒரு மேய்ச்சல் வெளி. அதன் விளிம்பில் உண்ணிப் புதர்.

நண்பர் ஒரு கிளையை ஒடித்துக் கையில் கொடுத்தார். தண்டு உருண்டையாக இல்லை, நாலு பட்டை. பட்டை விளிம்பில் பூனை நகம்போல் வளைந்த சிறு முள். இலையின் மேல்பக்கம் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. கசக்கினால் மூக்கில் ஏறும் ஒரு நெடி. பூங்கொத்தைப் பார்க்கச் சொன்னார். நடுவில் இருந்த புதுப் பூக்கள் மஞ்சள், ஓரத்தில் இருந்த பழைய பூக்கள் இளஞ்சிவப்பு. பூச்சி வந்து மகரந்தம் சேர்த்துப் போனதும் பூ நிறம் மாறிவிடும். தேன் இல்லாத பூவில் வண்ணத்துப்பூச்சி நேரத்தைக் கழிக்க வேண்டாம். நேராக மஞ்சளுக்குப் போகலாம். ஆனாலும் பழைய பூ உதிர்வதில்லை. கொத்து பெரிதாகத் தெரிந்தால்தானே தூரத்திலிருந்து வாடிக்கையாளர் வருவார்!

“இது எப்படி ஜெயிக்குதுன்னு கேட்டா ஒரே காரணம் சொல்ல முடியாது,” என்று விரலை மடக்கினார். பழத்தைக் கொண்டைக்குருவி தின்று ஊரெல்லாம் விதைக்கும். வெட்டினால் வேர்க்கழுத்திலிருந்து நாலாகத் துளிர்க்கும். அடர்ந்து வளர்ந்து தரைக்கு வெயில் விடாது. புல்லும் மரக்கன்றும் இருட்டில் செத்துப்போகும். இலையிலும் வேரிலும் இருக்கும் சில ரசாயனங்கள் பக்கத்துச் செடிகளின் முளைப்பைத் தடுக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, இதைத் தின்று அடக்கிவைக்கும் வாய் இங்கே இல்லை.

சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பூவின் நிறத்துக்காகப் பல வகைகளைக் கலந்து கலந்து வளர்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்து இறங்கியது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் இது பரவியிருக்கிறது. பரப்பில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். மொத்தத் தமிழ்நாடே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றியபடி வந்தார்.

“இதை மாடு தின்னாதுங்களா ஐயா?” என்று கேட்டேன்.

“பஞ்சத்துல தின்னும். தின்னா வெயில்ல நிக்க முடியாதுங்க. மூக்கு வெடிச்சிரும், தோல் உரிஞ்சிரும். நெழல்ல கட்டிவெச்சு மருந்து குடுத்தா பொழைக்கும், இல்லாட்டி போயிரும்.”

நண்பர் தலையாட்டினார். இலையிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். அதன் விளைவாகத் தோல் வெயிலைத் தாங்காமல் போகும். ஒரு வரியில் பெரியவர் சொல்லிவிட்டதை நண்பர் விளக்கப் பத்து வரி ஆனது.

“எங்கப்பன் காலத்துல இதெல்லாம் புல்லுங்க,” என்றார் பெரியவர். “மாட்டை விட்டுட்டு இங்க உக்காந்தா அந்தப் பாறை வரைக்கும் தெரியும். மாசிக்குள்ள நெருப்பு வெச்சிருவாங்க. சின்ன நெருப்பு, முழங்கால் ஒசரம். சருகு போயி புல்லு வரும். அப்புறம் நெருப்பு வெச்சா கேசுன்னுட்டாங்க.”

இதையே வேறு சொற்களில், இங்கிருந்து வடகிழக்கே உள்ள பிலிகிரிரங்கன் மலையின் சோளகப் பழங்குடியினரும் சொல்கிறார்கள். கோடை முற்றுவதற்கு முன்பே அவர்கள் வைக்கும் சருகு நெருப்பு, உண்ணியின் இளங்கன்றைக் கருக்கிவிடும்; தடித்த பட்டை கொண்ட காட்டு மரங்களுக்கு ஒன்றும் ஆகாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1970-களில் அந்த நெருப்பு அணைந்தது. அதற்குப் பிறகுதான் உண்ணி கட்டுமீறியது என்பது அவர்கள் வாதம். நெருப்பை நிறுத்தியது மட்டுமே காரணம் என்று ஆய்வாளர்கள் எல்லாரும் ஒப்புவதில்லை. மரம் வெட்டித் திறந்துபோன காடு, மிதிபட்டுத் தேய்ந்த புல் என்று இன்னும் பல உண்டு. இப்போது உண்ணி மண்டிய காட்டில் தீப்பிடித்தால் அது முழங்கால் உயர நெருப்பாக இருப்பதுமில்லை. காய்ந்த புதர் ஏணியாகி, தீ மரத்தின் தலைவரை ஏறிவிடும். அதில் மரம் சாகும். உண்ணியோ அடிவேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

சற்றுத் தள்ளி ஓர் ஏக்கர் அளவுக்கு உண்ணியை வேரோடு எடுத்திருந்தார்கள். அங்கே புல் இல்லை. இடுப்பளவுக்குப் பார்த்தீனியம் வெள்ளைப் பூவோடு ஆடிக்கொண்டிருந்தது.

“எடத்தைக் காலி பண்ணினா அடுத்த குடி வந்து உக்காந்துக்குதுங்க,” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் மாட்டின் பின்னால் போனார்.

பிடுங்கிய உண்ணி வீணாவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கூடலூர் வட்டாரத்துப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணித்தண்டை வேகவைத்து, தோலுரித்து, இரும்புச் சட்டத்தில் வளைத்துக் கட்டி நிஜ அளவில் யானைகள் செய்கிறார்கள். 2021-இல் அந்த யானைக்கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்றது. அடுத்து அமெரிக்காவுக்கும் போனது. அமெரிக்கக் கண்டத்துச் செடி முதுமலையில் யானையின் மேய்ச்சலைப் பிடுங்கி, பிறகு தானே யானையாகி அமெரிக்கா திரும்பியிருக்கிறது.

*

மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி மலைப்பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள். விபத்துகள் மலிந்ததால் வெளியூர் வண்டிகளை இந்த வழியாக இறங்க விடுவதில்லை, ஏறலாம். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை. காது அடைத்துத் திறந்தது. கீழே முட்காடு பழுப்பாகச் சுருங்கிக்கொண்டே போக, குளிர் கண்ணாடி வழியாக உள்ளே வந்தது.

“ஏதோ ஒரு செடி கெட்டிக்காரச் செடி, அதனால ஜெயிக்குதுன்னு நினைக்கிறோம்ல, அது பாதிதான்,” என்று ஆரம்பித்தார் நண்பர். ஓய்வு பெற்றாலும் வகுப்பு எடுக்காமல் இருக்க முடியாது அவரால்.

1930-களில் மாஸ்கோவில் காஸ் என்ற இளம் ஆய்வாளர் கண்ணாடிக் குழாய்களில் பாரமீசியம் வளர்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். அதில் ஒரு வகையைத் தனியாக வளர்த்தால் பெருகியது. இன்னொரு வகையையும் தனியாக வளர்த்தால் பெருகியது. இரண்டையும் ஒரே குழாயில் விட்டு ஒரே தீனியைப் போட்டால் ஒன்று மட்டும் மிஞ்சியது, மற்றது சில வாரங்களில் இல்லாமலே போனது. ஒன்றை ஒன்று கடிக்கவில்லை, துரத்தவில்லை. ஒன்று கொஞ்சம் முந்திச் சாப்பிட்டது, அவ்வளவுதான். ஒரே பிழைப்பை நம்பிய இரண்டு இனம் ஒரே இடத்தில் நீடிக்காது என்று பாடப்புத்தகங்களில் வரும் விதி இங்கிருந்து வந்தது.

“கதை அதோட முடியலை. மூணாவதா ஒரு வகையை விட்டுப் பார்த்தார். அது குழாயோட அடியில படிஞ்ச ஈஸ்ட்டைத் தின்னுச்சு, இன்னொண்ணு மேல மிதக்கிறதைத் தின்னுச்சு. ரெண்டும் சேர்ந்து பிழைச்சுது. குழாய் அதே குழாய்தான்.”

பதினெட்டாவது வளைவில் ஒரு லாரிக்கு வழி விட்டு நின்றோம்.

“டார்வின் இதுக்கும் முன்னாடி இன்னும் எளிமையா ஒண்ணு பண்ணினார். நாலடிக்கு மூணடி புல்தரை. வழக்கமா வெட்டிவிடற இடம். அதுல 20 வகைச் செடி இருந்துச்சு. வெட்டறதை நிறுத்தினார். பெரிசு சிறிசை மூடி 9 வகை காணாமப் போச்சு.”

1859-இல் வந்த டார்வினின் புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. எனக்கு அந்தப் புல்தரை மனதில் ஒட்டிக்கொண்டது. அந்த 20 வகைச் செடியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து வாழ்ந்தவை இல்லை. அரிவாள் எல்லாத் தலையையும் ஒரே உயரத்தில் வெட்டிக்கொண்டிருந்ததால் யாரும் யாரையும் மிதிக்க முடியாமல் இருந்தவை. அரிவாள் நின்றதும் ஏற்கெனவே உள்ளே இருந்த பலம் வெளியே வந்தது. மசினகுடிப் பெரியவரின் நெருப்பும் ஒருவகை அரிவாள்தானே என்று கேட்டேன்.

“மேல போனா இன்னொரு அரிவாளைக் காட்டறேன். ஆனா விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும்,” என்றார்.

*

ஊட்டியில் இரவு தங்கினோம். விடுதிக்குப் பின்னால் நெடுநெடுவென்று கற்பூர மரங்கள், அதாவது யூகலிப்டஸ். அவற்றுக்கு நடுவே புளிய இலைபோல் நுணுங்கிய இலையோடு கரும்பச்சையாகச் சீகை மரங்கள். தலைக்கு அரைக்கும் சீயக்காய் இல்லை. ஆங்கிலத்தில் வாட்டில் என்பார்கள், மலையில் எல்லாருக்கும் சீகைதான். இரண்டுமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டி ஊரானது. வெள்ளைக்காரர்களின் கணப்புக்கு விறகு வேண்டியிருந்தது. இந்த மலையின் சொந்தக் காடான சோலையில் மரம் வளர நெடுங்காலம் ஆகும். 1840-களில் இந்த ஆஸ்திரேலிய மரங்கள் மலைக்கு வந்தன. பின்னாளில் தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை வேண்டும் என்று மலை மலையாக நட்டார்கள். நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. வருவாய்க் கணக்கில் அதற்குப் பெயர் தரிசு.

அந்த நடவில் எனக்கும் பங்கு உண்டு. 1984-இல் கல்லூரி முகாமுக்காக ஒரு மேல்மலைக் கிராமத்தில் பத்து நாள் தங்கியிருந்தோம். மொட்டையாகக் கிடக்கும் குன்றைப் பசுமையாக்கப் போகிறோம் என்றார்கள். ஆளுக்கு நாற்பது கன்று. கையெல்லாம் கொப்புளம். குன்று மொட்டையாக இல்லை, முழங்கால் உயரத்துக்குப் புல் இருந்தது. அதைக் கடப்பாரையால் பெயர்த்துத்தான் குழி தோண்டினோம். கடைசி நாளில் குழுப் புகைப்படம் எடுத்துக்கொண்டோம். அது சீகைக் கன்று என்று பெயர் தெரிந்ததே பல வருடம் கழித்து.

நண்பரிடம் அதைச் சொன்னேன். “நானும்தான் நட்டேன்,” என்றார். “பசங்களையும் நடவெச்சேன்.”

*

அதிகாலையில் எமரால்டு வழியாக அவலாஞ்சிக்குக் கிளம்பினோம். சாலையோரத்தில் கேரட் பாத்திகளின் மேலும், நிறுத்தியிருந்த ஒரு காரின் கூரைமேலும் உறைபனி உப்புக் கொட்டியதுபோல் படிந்திருந்தது. ஒரு வீட்டு வாசலில் பூச்செடிகளைக் காய்ந்த மிலார்க் குச்சிகளால் கூண்டுபோல் மூடிவைத்திருந்தார்கள். தாவரவியல் பூங்காவிலும் டிசம்பர், ஜனவரியில் இப்படித்தான் கோத்தகிரி மிலாரை வைத்து நாற்றுகளைக் காப்பார்கள்.

“இதைப் பார்த்து வெச்சுக்கங்க,” என்றார் நண்பர்.

அவலாஞ்சியில் சொந்த வண்டி உள்ளே போகாது. வனத்துறை வண்டியில்தான் ஏற்றிப் போவார்கள். 1823-இல் இங்கே நடந்த பெரிய மண்சரிவினால் ஊருக்கு இந்தப் பெயர். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியதும் இங்கேதான். எங்களோடு ஒரு வாட்சர் வந்தார், நாற்பது வயதிருக்கும். பச்சை ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கையில் ஒரு களைக்கொத்து.

வண்டி ஒரு திருப்பத்தில் நின்றது. இறங்கிப் பார்த்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். குன்றுகளின் மேடெல்லாம் புல், மடிப்பிலெல்லாம் சோலை. இரண்டும் சேரும் இடத்தில் கோடு கிழித்தது மாதிரி ஒரு விளிம்பு. இந்தப் பக்கம் ஒரு மரம் இல்லை, அந்தப் பக்கம் ஒரு வெட்டவெளி இல்லை. வேலி போட்டது யார்?

வாட்சர் புல்வெளியில் இறங்கி ஒரு புல் குத்தை விரலால் பிரித்துக் காட்டினார். மேலே தாள் பனியில் கருகிப் பழுப்பாக இருந்தது. உள்ளே, மண்ணோடு மண்ணாக, வெளிர்பச்சையில் குருத்து.

“மேல எரிஞ்சாலும் கருகினாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க சார். உசுரு அடியில இருக்கு. மாடு மேஞ்சாலும் அப்படித்தான். சோலை மரத்துக்கு உசுரு உச்சியில. கன்னா இருக்கும்போது இந்த வெளியில ஒரு ராத்திரி பனி விழுந்தாப் போதும், காலையில தலை தொங்கிரும்.”

நண்பர் சொன்ன அரிவாள் இதுதான். மேகமில்லாத மார்கழி, தை இரவுகளில் திறந்த வெளியின் தரை உறைநிலைக்குக் கீழே குளிரும். சோலைக்குள் மரங்களின் கூரை வெப்பத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அங்கே பனி படியாது. ஆகவே சோலை தன் நிழலுக்குள்ளேயே பிள்ளை பெறும். நிழலைத் தாண்டி ஓரடி வைத்தால் பனி வெட்டிவிடும். புல்லோ சோலை இருட்டுக்குள் போகமுடியாது. காஸின் குழாயில் ஒன்று மேலேயும் ஒன்று அடியிலும் பிழைத்ததுபோல், ஒன்றுக்கு மடிப்பு, ஒன்றுக்கு மேடு. இந்த மலையின் பழங்குடியினரான தோடர்களின் எருமையும் அவர்கள் வைத்த நெருப்பும் அந்தக் கோட்டை இன்னும் அழுத்திப் போட்டன.

கோடு அசையாமல் நின்றதும் இல்லை. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை எடுத்து, அதிலுள்ள கார்பன் வகைகளை அளந்து, எந்தக் காலத்தில் புல் அதிகம், எந்தக் காலத்தில் மரம் அதிகம் என்று ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் எழுதினார்கள். சுமார் 20,000 ஆண்டுகளின் கணக்கு. உலகம் உறைந்து வறண்டிருந்தபோது புல் இறங்கியது. மழை பெருகியபோது சோலை ஏறியது. இரண்டுக்கும் தகராறு உண்டு, ஆனால் எவரும் எவரையும் ஒழித்துவிடவில்லை. பனியும் மழையும் முறைவைத்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தன.

இதற்கு நடுவில் சீகை வந்தது. எதிர்க் குன்றைக் காட்டினார் வாட்சர். பாதிக் குன்று புல். பாதி கரும்பச்சை. அங்கே நேரான விளிம்பு இல்லை. கரும்பச்சைக்கு முன்னால் சிறு சிறு புள்ளிகளாக இளமரங்கள் புல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன, போருக்கு முன்னோடி அனுப்பியதுபோல்.

“கற்பூரம் நட்ட எடத்துல பெரும்பாலும் நிக்குங்க சார். சீகை நடக்கும்,” என்றார்.

ஏன் நடக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது மரம், ஆகவே வளர்ந்தபின் நிழலால் புல்லைக் கொல்ல முடியும். ஆனால் கன்றாக இருக்கும்போது வெட்டவெளியையும் பனியையும் தாங்கும். ஆகவே அரிவாள் அதை வெட்டாது. புல்லிடம் இருந்த பலமும் சோலையிடம் இருந்த பலமும் ஒரே உடம்பில். போதாததற்கு வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைச் சேர்த்து உரத்தைத் தானே செய்துகொள்ளும். விதையின் ஓடு கெட்டி. பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் காத்திருக்கும். பழைய மரத்தடியில் ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஆயிரக்கணக்கில் விதை கிடக்கும். தீ பட்டால் ஓடு வெடித்து எல்லாம் சேர்ந்து முளைக்கும். சொந்த ஊரில் இதன் விதையையும் இலையையும் தின்ற பூச்சிகளும் நோய்களும் கப்பலில் கூட வரவில்லை. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாகத் தீர்ப்புச் சொன்ன பனிக்கு, இந்த வழக்கில் அதிகாரமே இல்லாமல் போனது.

பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி மரத்தோட்டமாகவும் விளைநிலமாகவும் மாறியது. புல் போனால் வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் இருந்தன. அவை சீகைத் தோப்புக்குள் வாழ்வதில்லை. 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். அதற்கும் வெயில் படும் புல்சரிவு வேண்டும். தோடர்கள் கோயில் கூரை வேயும் புல் சதுப்போரத்தில் வளர்வது. சதுப்பு வற்றினால் அதுவும் போகும். அரசு 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. மலையில் பல இடங்களில் சீகை வெட்டும் வேலை நடக்கிறது.

“வெட்டிட்டா முடிஞ்சுதா?” என்று கேட்டேன்.

வாட்சர் எங்களை எதிர்க் குன்றின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். மூன்று வருடத்துக்கு முன் வெட்டிய இடமாம். அடிக்கட்டைகள் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றி, கீரைப்பாத்தி மாதிரி நெருக்கமாக, முழங்கால் உயரத்துக்குச் சீகைக் கன்றுகள். வெட்டியதும் வெயில் பட்டு விதையெல்லாம் விழித்திருக்கிறது.

“வருஷம் ரெண்டு தடவை வந்து பிடுங்கறோம் சார். பிடுங்கப் பிடுங்க வருது. ஆனா மொத வருஷத்துக்கு இப்போ கம்மி. எனக்கு ரிடையர்மெண்ட் வர்றதுக்குள்ள தீரும்னு வெச்சிருக்கேன்,” என்று சிரித்தார்.

குனிந்து நானும் பிடுங்கினேன். ஈர மண்ணில் சின்னக் கன்று எளிதாக வந்தது. பெரிதுக்குக் கொத்து வேண்டியிருந்தது. நாற்பதாவது கன்றில் முதுகு பிடித்துக்கொண்டது. நாற்பது என்று எண்ணியது நண்பருக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

மேலே, வெட்டாமல் விட்ட ஒரு பழைய சீகைத் தோப்பு சோலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதையும் எப்போது வெட்டுவார்கள் என்று கேட்டேன். வாட்சர் பதில் சொல்லாமல் உள்ளே அழைத்துப் போனார். புல் ஒன்றும் இல்லை, சருகு மெத்தை. அந்தச் சருகுக்குள்ளிருந்து பளபளக்கும் தடித்த இலையோடு, நுனிக்கொழுந்து செந்நிறத்தில், விரலளவும் முழங்கை அளவுமாகக் கன்றுகள் எழும்பியிருந்தன. நண்பர் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக இலையைத் திருப்பிப் பார்த்தார். காட்டு நாவல் இனம் ஒன்று. காட்டு இலவங்கம் ஒன்று. எல்லாம் சோலை மரங்கள். பழம் தின்ற பறவை சீகைக் கிளையில் உட்கார்ந்து எச்சமிட்டிருக்கிறது. சீகை நிழலில் பனி விழவில்லை. வாசலில் பார்த்த மிலார்க் கூண்டு என் நினைவுக்கு வந்தது.

வெல்ல வந்த மரம் தோற்ற மரத்தின் பிள்ளைக்குக் கூரையாக நிற்கிறது. பழனி மலையிலும் இதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சீகை வயதாகி விழும்போது இங்கே ஒருவேளை சோலை எழும்பலாம். புல் மட்டும் திரும்பாது. புல்லுக்கு இந்தக் கூரையால் சாவு, சோலைக்கு இதே கூரையால் வாழ்வு. நல்ல மரமா கெட்ட மரமா என்று கேட்டால் எந்தக் குன்றில், எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

வெளியே வந்தோம். தோப்பின் விளிம்பில், சோலையை ஒட்டி, இரண்டடி இடைவெளியில் இரண்டு சீகைக் கன்றுகள். ஒன்று புல்பக்கம் சாய்ந்து நின்றது. வாட்சர் அதன் கழுத்தைப் பிடித்து, கொத்தால் நெம்பி, வேர் அறாமல் உருவி எடுத்து, மண்ணை உதறி, முறித்துப் போட்டார். மற்றதன் அடியில் குனிந்து பார்த்தார். நிழலில் ஒரு காட்டு நாவல், நாலே நாலு இலை.

“இது இருக்கட்டும்,” என்றார். “இன்னும் ரெண்டு பனிக்கு.”